தரையில் வராத பழுது

அந்த விளக்கு என் கண் எதிரில் ஒருமுறைகூட எரிந்ததில்லை. எரிந்தது என்று மேலே போய் வந்தவர்கள் சொல்வார்கள். நான் போய் உட்கார்ந்து இன்ஜினை ஓட்டினால் எரியாது.

2006 ஜூன் மாதம். மீனம்பாக்கம் பழைய விமான நிலையத்தின் ஓரத்தில், ஒரு தகரக் கொட்டகையும் மூன்று சின்ன விமானங்களும் உள்ள பயிற்சிப் பள்ளி எங்களுடையது. அங்கே இருபத்திரண்டு வருடமாகப் பராமரிப்பு இன்ஜினியராக இருந்தேன். பழுது பார்த்த விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போடும் லைசென்ஸ் அந்தப் பள்ளியில் எனக்கு மட்டும்தான். மூன்றில் பெரியதற்குப் பெயர் ஜூலியட். வாலில் எழுதியிருக்கும் கடைசி எழுத்தை வைத்து அப்படிக் கூப்பிடுவோம். ஒற்றை இன்ஜின், நான்கு பேர் உட்காரலாம்.

ஜூலியட் மேலே போய் அரை மணி, முக்கால் மணி ஆனதும் முன்பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். ஆல்டர்னேட்டர் கரண்டு தரவில்லை என்று அர்த்தம். ஐந்து நிமிடம் எரிந்துவிட்டு அணைந்துவிடும். அடுத்த நாள் இரண்டு மணி நேரம் பறந்தாலும் எரியாது. அதற்கடுத்த நாள் எரியும்.

காரில் இருப்பது போன்ற ஆல்டர்னேட்டர்தான். இன்ஜினோடு சுற்றி பேட்டரியை நிரப்புகிறது. அது நின்றால் இன்ஜின் நிற்காது, தீப்பொறிக்கு வேறு ஏற்பாடு உண்டு. ஆனால் பேட்டரி தீரத் தீர ரேடியோ போய்விடும், திசை காட்டும் கருவிகளில் பாதி போய்விடும். இருபது வருட அனுபவம் உள்ளவர் எப்படியாவது இறக்கிவிடுவார். சின்மயிக்கு இருபது வயதுதான்.

சின்மயி எங்கள் மாணவி. ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். வெள்ளிக்கிழமை அவள் தனியாகத் திருச்சி வரை பறந்துபோய்த் திரும்ப வேண்டும். லைசென்ஸுக்கு அந்த நீண்ட தனிப் பயணம் கட்டாயம். மழையால் இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. மற்ற இரண்டு விமானங்களில் ஒன்றின் இன்ஜின் கழற்றிக் கிடந்தது, இன்னொன்றில் அவ்வளவு தூரத்துக்குப் பெட்ரோல் பிடிக்காது. ஆகவே ஜூலியட்தான். ஜூலியட் போகலாம் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஏற்கனவே மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தேன். 'தரையில் ஓட்டிப் பார்க்கப்பட்டது. திருப்தி.' பழுது தெரியாத இன்ஜினியர்கள் உலகம் முழுக்க எழுதுகிற வாக்கியம் அதுதான். மூன்று முறையும் விளக்கு திரும்பி வந்தது.

என்னோடு வேலை பார்த்தவர் சின்னப்பன். டெக்னீஷியன், பல்லாவரத்துக்காரர், என்னைவிட எட்டு வயது சின்னவர். கையெழுத்துப் போடும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. கை மட்டும் என்னுடையதைவிட நல்ல கை.

"இது மாமியார் வூட்டுக்கு வந்த மாப்ள சார்," என்றார் சின்னப்பன், திங்கட்கிழமை காலை. "நம்ம எதிர்ல நல்லவனாட்டம் உக்காந்துகினு கீது. மேல போனா அதும் வேலைய காட்டுது."

"பெல்ட் பாத்தாச்சா?"

"ரெண்டு தபா. கிண்ணுனு கீது."

பெல்ட்டைப் பார்த்தோம். ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ்களைப் பார்த்தோம், தேயவில்லை. வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் பெட்டியை இன்னொரு விமானத்திலிருந்து கழற்றி இதில் மாட்டினோம். மாட்டிய அன்றைக்கு விளக்கு வரவில்லை, எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. மறுநாள் வந்தது. முன்பலகை ஸ்விட்சைப் பிரித்துத் துடைத்தோம். அதன் பின்னால் இருக்கிற ஒவ்வொரு ஒயரையும் சின்னப்பன் கவிழ்ந்து படுத்தபடி பிடித்து ஆட்ட, நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முள் அசையவில்லை. ஜூன் மாத வெயிலில் தகரக் கொட்டகைக்குள் அந்த வேலை எப்படி இருக்கும் என்று செய்தவர்களுக்குத் தெரியும்.

நான் களைத்துப்போயிருந்தேன். அந்த வருடம் மார்ச் பதினேழாம் தேதி என் மனைவி ரமா இறந்துவிட்டாள். அதற்குப் பிறகு சேலையூர் வீட்டில் நான் மட்டும். காலையில் ஒரு டம்ளர் காபி போட்டுக் குடித்துவிட்டு, தாம்பரத்தில் ஏழு ஐந்து லோக்கலைப் பிடித்து, திரிசூலத்தில் இறங்கி நடப்பேன். மாலையில் அதே வழியில் திரும்புவேன். சாப்பாட்டில் ருசி இல்லை என்பதைவிட, சாப்பிட்டேனா இல்லையா என்பதே பல நாள் நினைவில் இருக்காது. வேலையில் கை தானாகப் போகும். மனம் எங்கேயோ நிற்கும்.

புதன்கிழமை சின்மயி ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். மற்ற மாணவர்கள் 'சார், லைட் வருது' என்று வாயால் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இவள் ஆறு பறப்புகளுக்கு நிமிடக் கணக்கு எழுதி வைத்திருந்தாள். எப்போது எரிந்தது, அப்போது என்ன உயரம், இன்ஜின் எவ்வளவு வேகத்தில் ஓடியது.

"பாருங்க சார். ஃபுல் பவர்ல ஏறும்போதுதான் வருது. பவரைக் குறைச்சு இறங்க ஆரம்பிச்சா அணைஞ்சிடுது. ஆறு தடவையும் அப்படித்தான்."

"நீங்க இன்ஜினியருக்குப் படிச்சிருக்கலாம்," என்றேன்.

"அதுல ஃபெயிலாயிட்டுத்தான் சார் இங்க வந்தேன்."

அன்றைக்குச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அவள் எழுதியிருந்தது சரியான தடயம். முன்பலகையில் கோளாறு இருந்தால் எப்போது வேண்டுமானாலும் வரும். முழு வேகத்தில் இன்ஜின் நன்றாகச் சூடேறி அதிரும்போது மட்டும் வருகிறதென்றால், கோளாறு இன்ஜின் பக்கத்தில் இருக்கிறது. நாங்கள் தரையில் ஓட்டும்போது மேல்மூடியைத் திறந்து வைத்து ஓட்டுவோம். காற்று பட்டு எதுவும் சூடாகாது. அதனால்தான் எங்களிடம் அது நல்லவனாக உட்கார்ந்திருந்தது.

ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒரு மெல்லிய ஒயர் வந்து சேர்கிறது. அதன் வழியாகக் கொஞ்சம் கரண்டு உள்ளே போனால்தான் ஆல்டர்னேட்டர் வேலையே செய்யும். ஒரு சின்ன நட்டு அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டிருக்கும். இந்தப் பழுதுக்கு எந்தப் பயிற்சிப் புத்தகத்தைத் திறந்தாலும் முதலில் பார்க்கச் சொல்லும் இடம் அந்த நட்டுதான்.

டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துப் பார்த்தேன். நட்டின் மேல் சிவப்புக் கோடு இருந்தது.

கோடு என்னவென்று சொல்ல வேண்டும். விமான வேலையில் ஒரு நட்டை உரிய அளவு இறுக்கி முடித்ததும், நட்டின் மேலும் போல்ட்டின் மேலும் சேர்ந்தாற்போல் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போடுவோம். நட்டு கொஞ்சம் சுழன்றாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். கோடு முழுசாக இருந்தால் நட்டு இறுக்கமாக இருக்கிறது. இறுக்கினவன் யாரோ அவன்தான் கோடு போட வேண்டும்.

இந்தக் கோடு முழுசாக இருந்தது. மூடியைச் சாத்தச் சொன்னேன்.

அந்த நட்டை நான் தொடாமல் விட்டதற்குக் கோடு மட்டும் காரணமில்லை. அதைச் சொல்லாவிட்டால் இதை எழுதுவதில் பயனில்லை.

மார்ச் பதினேழாம் தேதி காலை நான் ஜூலியட்டில் புது ஆல்டர்னேட்டர் மாட்டிக்கொண்டிருந்தேன். பத்து ஐம்பதுக்கு ஆபீஸுக்கு ஃபோன் வந்தது. எங்கள் எதிர் வீட்டு ஞானஜோதி டீச்சர் பேசினார். ரமா சமையலறையில் மயங்கி விழுந்துவிட்டாள், குரோம்பேட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், உடனே வாருங்கள் என்றார். நான் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியது பதினொன்றரை. ரமா போனது பதினொன்று இருபது. என்னைக் கேட்டாளாம். 'வந்துண்டிருக்கார்' என்று டீச்சர் சொல்லியிருக்கிறார்.

மீனம்பாக்கத்திலிருந்து அங்கே போக இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. மிச்சம் பதினைந்து நிமிடம் எங்கே போயிற்று? அந்தக் காலைப் பொழுதில் ஃபோனை வைத்ததற்குப் பிறகு எனக்கு எதுவுமே நினைவில்லை. ஆட்டோ நினைவிருக்கிறது. நடுவில் வெற்றிடம்.

காரியமெல்லாம் முடிந்து பதினான்காம் நாள் வேலைக்குப் போனேன். ஜூலியட் என் கையெழுத்துக்காக அப்படியே நின்றுகொண்டிருந்தது. மூடியைத் திறந்து பார்த்தேன். எல்லா நட்டிலும் சிவப்புக் கோடு. ஒயர் நட்டு எப்போதும் கடைசியாக இறுக்குவது. அதிலும் கோடு. கையெழுத்துப் போட்டேன். போட்ட பிறகுதான் உறைத்தது. வேலை முடிந்திருக்கிறது. ஃபோன் வந்தபோது முடியவில்லை என்பது எனக்கு நிச்சயம். அப்படியானால் ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பிவந்து, நின்று, நட்டை இறுக்கி, பெயிண்ட் எடுத்துக் கோடு போட்டுவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம் அப்படிச் செய்ய வைத்திருக்கும். செய்யக்கூடியவன்தான் நான். ரமாவே சொல்லுவாள், "வீடு பத்திண்டு எரிஞ்சாலும் கையில இருக்கறத முடிச்சிட்டுத்தான் வருவேள்" என்று.

மூன்று மாதம் அந்தப் பதினைந்து நிமிடத்தோடு இருந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். அந்தச் சிவப்புக் கோட்டைக் கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் கண்ணை நகர்த்திக்கொண்டேன். பழுது பார்க்கிறவன் அப்படி ஒரு இடத்தைத் தாண்டிப் போகக் கூடாது. நான் தாண்டித் தாண்டிப் போனேன்.

வியாழக்கிழமை மதியம் கேப்டன் ஷ்யாம்சுந்தர் கொட்டகைக்கு வந்தார். அவர்தான் தலைமைப் பயிற்சியாளர், பள்ளியின் நிர்வாகமும் அவர் கையில்தான்.

"ராஜகோபாலன், நாளைக்கு அந்தப் பொண்ணு போகணும். போலாமா, கூடாதா? ஒரு வார்த்தை சொல்லிடுங்க. வெதர் இதுக்கு மேல வெயிட் பண்ணாது."

"சாயங்காலத்துக்குள்ள சொல்றேன் சார்."

அவர் போனதும் பராமரிப்புப் பதிவுப் புத்தகத்தை எடுத்தேன். பேனாவையும் எடுத்தேன். அந்த வாக்கியத்தை நான்காவது முறையாக எழுதப் போகிறேன் என்று எனக்கே தெரிந்தது. எழுதினால் வீட்டுக்குப் போகலாம். அவ்வளவுதான் எண்ணம். திருச்சிக்கும் நமக்கும் நடுவில் மேகத்துக்குள் ஒரு பெண் ரேடியோ இல்லாமல் உட்கார்ந்திருப்பாள் என்பது ஒரு செய்தி மாதிரி மனதில் இருந்தது, உறைக்கவில்லை.

சின்னப்பன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், கோச்சிக்காதீங்க. எல்லாத்தையும் பாத்துட்டோம். அந்த ஒயர் நட்ட மட்டும் நாம தொடவே இல்ல."

"அதுல கோடு இருக்கு."

"கீது."

"உடையல."

"ஒடையல சார். ஆனா..." என்று நிறுத்தினார். கொட்டகைக்கு வெளியே ஒரு பெரிய விமானம் ஏறிப் போகிற சத்தம் அடங்கியது. "அந்தக் கோடு நீங்க போட்டதுன்னா நெனச்சினு கீறீங்க?"

"பின்ன யாரு?"

"நான் சார்."

பேனாவைக் கீழே வைத்தேன்.

"அன்னிக்கு நீங்க போனப்பறம் வந்து பாத்தேன். ஒயர் மாட்டிக்கீது, வாஷர் கீது, நட்டு போட்டுக்கீது. மத்த எல்லாத்துலயும் உங்க கோடு. இதுல மட்டும் இல்ல. டைட் பண்ணிட்டீங்க, பெயிண்ட் எடுக்கறதுக்குள்ள ஃபோன் வந்துடுச்சுன்னு நெனச்சேன். ஒரு கோட்டப் போட்டு மூடிட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"எங்க சார் கேக்கறது?" அவர் குரல் உயர்ந்தது. "பொணத்த நடு வூட்ல வெச்சினு உக்காந்துகினு கீறீங்க. காரிய வூட்டுக்கு ஃபோன் போட்டு, சார் நட்டு டைட்டா லூஸான்னு கேப்பானா ஒருத்தன்? பதிமூணு நாளும் யாரும் உங்கள பேஜார் பண்ணக் கூடாதுன்னு நாந்தான் ஆபீஸ்ல சொல்லி வெச்சேன்."

"அதுக்கப்புறம்?"

"அப்பறம் நீங்களே மூடியத் தொறந்து பாத்து கையெழுத்துப் போட்டீங்க. சரிதான், சார் செஞ்ச வேலதான், அவருக்குத் தெரியாதான்னு உட்டுட்டேன்." அவர் துணியை மடித்தார், பிரித்தார். "ஒண்ணு மட்டும் உறுத்திகினே இருந்துச்சு. அன்னிக்கு சாயங்காலம் டூல் எண்ணுனப்போ அந்தச் சின்ன ஸ்பேனர் இல்ல. உங்க பாக்கெட்லதான் போயிருக்கும்னு தெரியும். வேற ஒண்ணு எடுத்து அந்த எடத்துல மாட்டிட்டேன்."

அந்த ஸ்பேனர் எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று யாரோ என் சட்டை, பாண்ட்டைக் கழற்றிப் போடச் சொல்லி, பாக்கெட்டில் இருந்ததை எடுத்து அங்கே வைத்திருக்க வேண்டும். மூன்று மாதம் தினமும் பால் எடுக்கும்போது பார்த்திருக்கிறேன். இறுக்கி முடித்ததும் ஸ்பேனரை டூல் பலகையில் மாட்டிவிட்டுத்தான் பெயிண்டைத் தொடுவேன். அது மாறினதே கிடையாது. ஸ்பேனர் பாக்கெட்டில் வந்திருக்கிறது என்றால் நட்டை அது தொடவில்லை.

எழுந்து போய் மூடியைத் திறந்தேன். கையை உள்ளே விட்டு நட்டை இரண்டு விரலால் பிடித்தேன். காய்ந்த பெயிண்ட் ஒரு சின்னச் சத்தத்தோடு உடைந்தது. அதற்கப்புறம் நட்டு சுலபமாகச் சுழன்றது. ஒன்றரைச் சுற்று.

மூன்று மாதமாக அதைப் பிடித்து வைத்திருந்தது பெயிண்ட். குளிர்ந்திருக்கும்போது ஒயர் ஒட்டிக்கொண்டிருக்கும். சூடேறி அதிர்ந்தால் விலகும்.

"அய்யோ," என்றார் சின்னப்பன்.

நான் விமானத்தின் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் கொண்டுவந்தார்.

"சின்னப்பன், ஃபோனை வெச்சப்புறம் நான் என்ன பண்ணேன்?"

"இன்னா பண்ணீங்க? போனீங்க."

"இங்க வரலையா? விமானத்துகிட்ட?"

"எங்க வந்தீங்க? ஆபீஸ் கதவுல இருந்தே வாசல் கேட்டப் பாத்து ஓடினீங்க. பாஸ், பையி எல்லாத்தையும் உட்டுட்டு. நாந்தான் எடுத்துகினு பின்னாலயே ஓடியாந்தேன். கேட்டாண்ட ஒரு ஆட்டோ இல்ல. ரோட்டு மேலயே நடந்தீங்க. நான் கத்தறேன், திரும்பிக்கூடப் பாக்கல. திரிசூலம் ஸ்டேஷன் தாண்டித்தான் ஒரு ஆட்டோ நின்னுச்சு. நான் கைய காட்டித்தான் நின்னான்." என்னையே பார்த்தார். "உங்களுக்கு இது எதுவும் தெரியாதா சார்?"

தெரியாது என்றேன்.

அவருக்கு என் பதினைந்து நிமிடத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் ஏன் அழுகிறேன் என்று புரியாமல், "உடுங்க சார், நட்டுதானே, கண்டுபுடிச்சாச்சே," என்று சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்தினார். "டைட் பண்ணி, கோடு போட்டு, மூடிடலாம் சார். யாருக்கும் தெரியாது. பொண்ணு காலைல நல்லபடியா போய் வந்துடும்."

அது உண்மை. டைட் பண்ணினால் போதும்.

ஆனால் அன்றைக்கு நான் போட்ட மற்ற கோடுகள் இருந்தன. ஆல்டர்னேட்டரைத் தாங்கும் போல்ட்டுகள், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் போல்ட். அவற்றை இறுக்கியது நானா, எவ்வளவு இறுக்கினேன், எனக்கு எதுவும் தெரியாது. கோட்டை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன். கோட்டை நம்பினால் என்ன ஆகும் என்று இப்போது பார்த்தாயிற்று. என் வேலையை நானே சரிபார்த்து நானே கையெழுத்துப் போட முடியாது. வேறு லைசென்ஸ் உள்ள ஒருவர் வந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

மாலை சின்மயியிடம் நாளைக்குப் போக முடியாது என்று சொன்னேன்.

"பழுது கிடைச்சிடுச்சுன்னு சின்னப்பன் அண்ணா சொன்னாரே சார்?"

"கிடைச்சிடுச்சு."

"டைட் பண்ணியாச்சுல்ல? அப்புறம் என்ன?" அவள் கண் நிறைந்துவிட்டது. "மூணாவது தடவை சார். வீட்ல என்னன்னு சொல்றது?"

"இன்ஜினியர் மறந்துட்டார்னு சொல்லுங்க."

அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள். பத்து நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது நியாயம்தான். அடுத்த புதன்கிழமை பெங்களூரிலிருந்து வந்த ஒரு இன்ஜினியர் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்து மாட்டி, கையெழுத்துப் போட்டார். மற்ற போல்ட்டுகளில் ஒன்று கொஞ்சம் தளர்ந்திருந்தது. அதற்கு மறுநாள் அவள் திருச்சி போய்த் திரும்பினாள். மூன்றரை மணி நேரம், விளக்கு வரவில்லை. சின்னப்பனுக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுத்தார்கள். என் லைசென்ஸை ஆறு மாதம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்த ஆறு மாதமும் சின்னப்பன் சொன்ன வேலையைச் செய்துகொண்டு, சம்பளத்தில் பாதியோடு அங்கேயே இருந்தேன்.

அந்த வியாழக்கிழமை இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. நடந்ததை எழுதித் தர வேண்டும். ஆபீஸில் உட்கார்ந்து இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதினேன். பத்து ஐம்பதுக்கு ஃபோன் வந்தது என்றும், ஒயர் நட்டை இறுக்காமல், யாரிடமும் சொல்லாமல், உடனே கிளம்பிப் போனேன் என்றும், திரும்பி வந்து சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்றும் எழுதினேன். கோடு போட்டவர் பெயரையும் அவர் சொன்ன காரணத்தையும் எழுதினேன். தன் பெயரையும் எழுதச் சொன்னது சின்னப்பனேதான்.

கேப்டன் இரண்டு முறை படித்தார். பேனாவை எடுத்து ஒரு இடத்தில் வைத்துக்கொண்டார்.

"உங்க நல்லதுக்குச் சொல்றேன், ராஜகோபாலன். இங்க 'இறுக்காமல் உடனே கிளம்பினேன்'னு இருக்கு. இந்த 'உடனே' வேண்டாமே. வேலைய நடுவுல போட்டுட்டு ஓடினதா விசாரணைல எடுத்துப்பாங்க. மறதின்னு எழுதுங்க. ஒய்ஃப் சீரியஸ், மறந்துட்டார். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"இல்ல சார். அது இருக்கட்டும்."

"உங்களுக்கு எதிராப் போகும்."

"போகட்டும் சார். அப்படித்தான் நடந்தது."

அவர் எதையும் அடிக்காமல், கீழே தேதி போட்டு வாங்கிக்கொண்டார்.